ரங்கப்பிள்ளையின் ஏடுகள் போன வழி

புதுச்சேரியின் பழைய நகரைச் சுற்றி நீள்வட்டமாக ஓடும் புல்வார் சாலைகள், ஒரு காலத்தில் மதிலும் அகழியும் இருந்த தடத்தின் மேல் போடப்பட்டவை. அந்த வட்டத்தின் வடமேற்கு மூலையிலிருந்து சாரத்தை நோக்கி நடந்தால், காமராஜர் சாலையின் நெரிசலைத் தாண்டி அவ்வைத் திடல் பக்கம் போவதற்குள் ஏறக்குறைய 1,500 கஜம் ஆகிவிடும். 1748 செப்டம்பரில் ஆங்கிலப் படை புதுச்சேரிக் கோட்டையைத் தகர்ப்பதற்கு முதல் மண்வெட்டி போட்டது, நகரின் வடமேற்கே, மதிலிலிருந்து இதே 1,500 கஜத் தொலைவில். கடைகளும் குடியிருப்புகளும் நெருங்கிக் கிடக்கும் இந்தப் பக்கம் அப்போது ஊருக்கு வெளியே இருந்த வெளி. மழைக்காலத்தில் நீர் நிற்கும் பூமி.

மதிலுக்கு உள்ளே ஒரு தமிழர் நாள் தவறாமல் எழுதிக்கொண்டிருந்தார். அன்று அந்த மண்ணில் மோதிய தளபதிகளுக்கெல்லாம் வரலாற்றில் இடம் கிடைத்தது. அவர்களைப் பற்றி அந்தத் தமிழர் எழுதிய ஏடுகள், தமிழ் வாசகர் கைக்கு வந்து சேர இருநூறு ஆண்டுகள் ஆயின. அதற்குள் பிரெஞ்சுக்காரர் படித்துவிட்டார்கள், ஆங்கிலேயர் படித்துவிட்டார்கள். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு இந்த வரிசைதான் உறுத்துகிறது.

பிள்ளை 1709 மார்ச் 30 அன்று சென்னைப் பெரம்பூரில் பிறந்தவர். தாய்மாமன் நைனியப் பிள்ளை புதுச்சேரியில் பிரெஞ்சுக் கும்பினியின் பெரிய தரகர். அவர் அழைத்ததால் பிள்ளையின் தகப்பனார் திருவேங்கடம் பிள்ளை குடும்பத்தோடு இங்கே வந்தார். அந்த நைனியப் பிள்ளையையே எபேர் என்ற கவர்னர் சிறையில் போட்டார். அவர் சிறையிலேயே இறந்தார். அதிகாரத்துக்கு அருகில் இருப்பவனுக்கு எப்போது என்ன வரும் என்று தெரியாது என்பதைப் பிள்ளை சின்ன வயதிலேயே வீட்டுக்குள் பார்த்துவிட்டார். பின்னாளில் அவர் எழுதிய பக்கங்களில் ஓயாமல் தெரியும் எச்சரிக்கைக்கு வேர் இதுவென்றே நினைக்கிறேன்.

1736 செப்டம்பர் 6 அன்று ஏடு தொடங்குகிறது. எழுதியவர் வியாபாரி. எந்தக் கப்பல் வந்தது, என்ன சரக்கு இறங்கியது, என்ன விலை போனது, யார் யாரோடு சண்டை, கவர்னர் காலையில் என்ன கோபத்தில் இருந்தார், நவாபிடமிருந்து வந்த கடிதத்தில் என்ன இருந்தது, பஞ்சாங்கம் என்ன சொல்கிறது என எல்லாமே கணக்கு எழுதுகிற கையால், பேச்சுத் தமிழில். பிரெஞ்சு, போர்த்துக்கீசு, பாரசீகம், தெலுங்கு எல்லாம் கலந்து வரும். வாக்கியம் மூச்சு விடாமல் ஒரு பக்கம் ஓடும். யாருக்கும் காட்ட எழுதியது அல்ல. அதனால்தான் துரைமாரை அவர் உள்ளபடி எழுத முடிந்தது.

1746 பிப்ரவரியில் கவர்னருக்கு மொழிபெயர்ப்பாளரும் தரகருமான தலைமைத் துபாஷி கனகராய முதலியார் இறந்தார். அந்த இடத்துக்கு யார் என்பதில் கவர்னர் துய்ப்ளேக்ஸுக்கும் அவருடைய மனைவிக்கும் இடையே நடந்த இழுபறியை நாட்குறிப்பு பல மாதங்களுக்குச் சொல்லிக்கொண்டே போகிறது. கடைசியில் வேலை பிள்ளையிடம் வந்தது. முற்றுகை வந்தபோது அவருக்கு வயது 39. துய்ப்ளேக்ஸின் அறையில் என்ன பேசப்பட்டாலும் அதில் பாதியாவது அவர் காது வழியாகப் போகும்.

இங்கே கடற்கரை அரணைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பிரான்சுவா மர்த்தேன் காலத்தில் எழும்பி 1706இல் முடிந்த லூயி கோட்டை கடலை ஒட்டி நின்றது. பிறகு நகரைச் சுற்றி நிலப்பக்கம் மதில் வந்தது. கடற்பக்கம் மட்டும் திறந்தே கிடந்தது. 1742இல் கவர்னரான துய்ப்ளேக்ஸ் வந்ததும் செய்த காரியம், அந்தக் கடற்பக்கத்தை மதிலும் அகழியுமாக அடைத்தது. பாரிசில் இருந்த கும்பினி இயக்குநர்கள் செலவைப் பாதியாக வெட்டு, கோட்டை வேலையை நிறுத்து என்று எழுதினார்கள். அவர் நிறுத்தவில்லை; சொந்தப் பணத்தையும் கடனையும் போட்டு வேலையை முடித்தார். துய்ப்ளேக்ஸைப் பற்றி நல்லதாகச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை. இந்த மதிலை மட்டும் அவர் கணக்கில் வைத்தாக வேண்டும்.

மதிலுக்கு உதவியாக இந்தக் கரையின் இயல்பும் இருந்தது. புதுச்சேரிக்கு அப்போது துறைமுகம் கிடையாது. கரையோரம் ஆழம் குறைவு. பெரிய கப்பல் வெகு தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்க, சரக்கும் ஆளும் சலங்குகளில் அலையைத் தாண்டிக் கரைக்கு வர வேண்டும். அந்தப் படகுகளை ஓட்டத் தெரிந்தவர்கள் இந்தக் கரையின் மீனவர்கள். எத்தனை பீரங்கி இருந்தாலும் போர்க்கப்பல் ஊரை நெருங்க முடியாது. நிலப்பக்கமோ மதிலுக்கு வெளியே ஏறக்குறைய ஒரு மைல் தள்ளி முள்மரமும் கள்ளியுமாக ஒரு வேலி, ஊரையும் சுற்றுக் கிராமங்களையும் வளைத்துக்கொண்டு ஓடியது. வில்லியனூர், வழுதாவூர் போன்ற ஊர்களுக்குப் போகும் சாலைகள் வேலியைக் கடக்கும் இடங்களில் சின்னச் சின்னக் காவல் அரண்கள்.

இந்த ஏற்பாட்டின் மேல்தான் எட்வர்ட் பாஸ்கவன் வந்து மோதினார்.

1746 செப்டம்பரில் பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் லபூர்தொனே சென்னையைப் பிடித்தது ஆங்கிலேயருக்குப் பெரிய அவமானம். அதற்குப் பதிலடியாக லண்டன் அனுப்பிய கடற்படைத் தலைவர் பாஸ்கவன். வயது 37. கடற்படை, தரைப்படை இரண்டும் அவர் கையில். வழியில் மொரீசியசைத் தாக்கப் பார்த்து, முடியாது என்று விட்டு, கூடலூர் அருகே தேவனாம்பட்டினம் கோட்டைக்கு வந்து சேர்ந்தார். ஏற்கெனவே அங்கிருந்த கப்பல்களையும் சேர்த்தால் முப்பது. பதின்மூன்று பெரும் போர்க்கப்பல்கள். நாகப்பட்டினத்து டச்சுக்காரர்கள் அனுப்பிய 120 பேர் உட்பட ஐரோப்பியர் மட்டும் 3,720 என்று ஆங்கில வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம் கணக்குச் சொல்கிறார். இவர்களோடு 2,000 சிப்பாய்கள். அதுவரை இந்துமாக் கடற்பக்கம் ஐரோப்பியர் யாரும் இவ்வளவு பெரிய படையைத் திரட்டியதில்லை. உள்ளே இருந்ததோ 1,800 ஐரோப்பியரும் 3,000 சிப்பாய்களும்.

தெற்கே இருந்து வந்த படை முதலில் இடறியது அரியாங்குப்பத்தில். அங்கே ஒரு சிறு கோட்டை. அதன் பலத்தைச் சரியாக உளவு பார்க்காமலே ஏணி எடுத்துக்கொண்டு ஏறப் போனார்கள்; நூற்றைம்பது பேர் விழுந்தார்கள். அடுத்து நடந்த சண்டையில் பின்னாளில் இந்தியப் படையின் தந்தை என்று ஆங்கிலேயர் கொண்டாடிய மேஜர் ஸ்டிரிஞ்சர் லாரன்சே பிரெஞ்சுக்காரரிடம் பிடிபட்டார். கடைசியில் கோட்டைக்குள் வெடிமருந்து தீப்பற்றி வெடித்து நூறு பேர் மாண்ட பிறகுதான் பிரெஞ்சுப் படை மிச்சத்தைத் தானே தகர்த்துவிட்டு நகருக்குள் பின்வாங்கியது. இதற்குள் ஆங்கிலேயர் இழந்தது இரண்டு வாரத்துக்கு மேல். ஐப்பசி மழை வருவதற்குள் முடித்தாக வேண்டிய வேலையில் இரண்டு வாரம்.

அப்புறம்தான் வடமேற்குக்கு வந்தார்கள். ஓர்மின் வரலாற்றில் இந்த இடம் குத்தலாக இருக்கும். அந்தக் காலத்திலேயே முற்றுகைப் பள்ளத்தை மதிலுக்கு 800 கஜத்துக்குள் தொடங்குவதுதான் வழக்கம் என்கிறார். இவர்கள் 1,500 கஜத்தில் தொடங்கினார்கள். ஒவ்வொரு கஜமும் தோண்டி, மண் அணைத்து, முன்னேறி வர வேண்டும். வந்தபோது முன்னால் சதுப்பு. பிரெஞ்சுக்காரர் நீரைத் திறந்துவிட்டு அதை இன்னும் பெருக்கினார்கள். தேர்ந்தெடுத்த பக்கமே தவறு என்று தெரியும்போது திரும்பிப் போக நேரமில்லை. பள்ளத்தில் நின்றவர்களில் ராபர்ட் கிளைவும் ஒருவர். 22 வயதுக் கீழ்நிலை அதிகாரி.

செப்டம்பர் இரண்டாம் வாரம் மதிலுக்குள்ளிருந்து ஐரோப்பியரும் சிப்பாய்களுமாக ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் பள்ளத்தின் மேல் பாய்ந்தார்கள். தலைமை தாங்கியவர் பராதி. சுவிஸ் நாட்டுப் பொறியாளர், துய்ப்ளேக்ஸின் வலது கை, இரண்டு ஆண்டுக்கு முன் அடையாற்றங்கரையில் ஆர்க்காட்டு நவாபின் பெரும் படையைச் சில நூறு பேரோடு சிதறடித்தவர். அந்தப் பாய்ச்சலில் குண்டடிபட்டு இறந்துபோனார். கோட்டையின் பொறியாளர் இல்லாமல் போன பிறகு, அந்த வேலையையும் துய்ப்ளேக்ஸே பார்த்தார்.

இதே நாட்களைப் பிள்ளையின் ஏட்டில் படித்தால், போர் வேறு மாதிரி இருக்கிறது. ஓர்மிடம் கஜமும் பீரங்கியின் எடையும் இருக்கின்றன. பிள்ளையிடம் ஊர் இருக்கிறது. யார் வீட்டைப் பூட்டிவிட்டு வெளியூர் போனார்கள், குண்டு எந்தத் தெருவில் விழுந்தது, அரிசிக்கு என்ன வழி, கவர்னர் முகம் எப்படி இருந்தது. தேதியே மூன்று விதம். ஆங்கிலேயர் பழைய நாட்காட்டியை 1752 வரை விடவில்லை என்பதால் அவர்கள் எழுதியதற்கும் பிரெஞ்சுக்காரர் எழுதியதற்கும் 11 நாள் வித்தியாசம். பிள்ளைக்கு அது விபவ வருஷம் ஆவணி, புரட்டாசி. இந்த மூன்றையும் நேர்படுத்திப் படிக்கிறபோதுதான் ஒரே குண்டு எறிந்தவர் கணக்கிலும் விழுந்த தெருவின் கணக்கிலும் எப்படிப் பதிவாகிறது என்று தெரிகிறது.

செப்டம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. அன்றைய பக்கத்தை ஒருமுறை படித்தவர் மறக்க மாட்டார். வேதபுரீசுவரர் கோயிலை இடித்த நாள் அது. மாதா கோயிலை ஒட்டியிருந்த அந்தச் சிவன் கோயிலை அகற்ற வேண்டும் என்று சேசு சபைப் பாதிரிமார் பல பத்தாண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். முன்னிருந்த கவர்னர்கள், தமிழர்கள் ஊரை விட்டுப் போய்விடுவார்கள் என்று அஞ்சி விட்டுவைத்தார்கள். இப்போது முற்றுகை, ஜனங்களில் பெரும்பகுதி ஏற்கெனவே வெளியேறியிருந்தார்கள். எதிரிப் படை வெளியே நிற்க, உள்ளே கடப்பாரையும் மண்வெட்டியுமாக ஆட்கள் கோயிலுக்குப் போனார்கள். சன்னிதியில் என்ன நடந்தது என்று ஓடிவந்து சொன்னவர்கள் சொன்னதையெல்லாம் பிள்ளை எழுதிவைத்திருக்கிறார். மனம் வெந்துதான் எழுதியிருக்கிறார். துய்ப்ளேக்ஸின் மனைவியைக் கடுமையாகக் குற்றம் சொல்கிறார். ஆனால் தான் போய்க் குறுக்கே நின்றதாக எழுதவில்லை. செய்யாததைச் செய்ததாக எழுதிக்கொள்ளவும் இல்லை. நைனியப் பிள்ளையின் மருமகனால் அவ்வளவுதான் முடிந்தது. அதைக் குறையாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முற்றுகையை எழுதிய ஐரோப்பிய அதிகாரிகளுக்கு இது ஒரு பொருட்டாகவே படவில்லை. புதுச்சேரிக்காரருக்கு 1748 என்றால் முதலில் நினைவுக்கு வருவது இதுதான்.

அக்டோபரில் ஆங்கிலப் பீரங்கிகள் ஒருவழியாக முழங்கின. கடலில் கப்பல்கள் வரிசை கட்டி நின்று கடற்பக்கத்து மதிலைச் சுட்டன. ஆழம் இல்லாததால் ஆயிரம் கஜத்துக்கு இந்தப் பக்கம் வர முடியவில்லை. துய்ப்ளேக்ஸ் கட்டிய மதில் அசையவில்லை. அத்தனை கப்பல் குண்டும் சேர்ந்து ஊருக்குள் கொன்றது தெருவில் போன ஓர் ஏழைத் தமிழ்க் கிழவியை மட்டுமே என்று ஓர்ம் எழுதுகிறார். பெயர் இல்லை. இவ்வளவு பெரிய படையெடுப்பில் கடல் வழியே வந்த சாவு அந்த ஒரு மூதாட்டிக்கு.

மழை பிடித்துக்கொண்டது. பள்ளங்களில் நீர். காய்ச்சல். அக்டோபர் 17 அன்று பாஸ்கவன் முற்றுகையைக் கைவிட்டார். ஆங்கிலப் பக்கம் இறந்த ஐரோப்பியர் 1,065 பேர். பிரெஞ்சுப் பக்கம் சுமார் 200 ஐரோப்பியரும் 50 சிப்பாய்களும். அடுத்த நாளே, 1748 அக்டோபர் 18, ஐரோப்பாவில் எக்ஸ்-லா-ஷப்பேலில் சமாதானம் கையெழுத்தானது. அந்தச் செய்தி இந்தக் கரைக்கு வந்து சேர மாதங்கள் பிடித்தன. வந்த பிறகு, இத்தனை பேர் செத்ததற்குக் காரணமான சென்னையைப் பிரெஞ்சுக்காரர் ஆங்கிலேயரிடமே திருப்பிக் கொடுத்தார்கள்.

பிள்ளையின் ஏடுகளில் அடுத்த சில ஆண்டுகள் செழிப்பானவை; ஆம்பூர்ச் சண்டை, செஞ்சியைப் பிரெஞ்சுக்காரர் பிடித்தது, பட்டமும் பல்லக்கும். 1754இல் துய்ப்ளேக்ஸைப் பிரான்சு திரும்ப அழைத்துக்கொண்டது. 1756இல் பிள்ளையின் பதவி போனது. உடம்பும் கெட்டது. எழுதுவதை மட்டும் அவர் விடவில்லை.

1758 ஏப்ரலில் பிரெஞ்சுத் தளபதி லாலி வந்து இறங்கினார். தேவனாம்பட்டினத்தைப் பிடித்தார், சென்னையை முற்றுகையிட்டுத் தோற்றார், 1760 ஜனவரி 22 அன்று வந்தவாசியில் ஆங்கிலத் தளபதி அயர் கூட்டிடம் முறிந்தார். வண்டி இழுக்கவும் மூட்டை சுமக்கவும் சாதி பேதம் பாராமல் கிடைத்தவரையெல்லாம் பிடித்துப் போட்டவர் அவர். ஊர் ஜனம் அவரை வெறுத்தது. அந்த ஆண்டு செப்டம்பருக்குள் கூட்டின் படை முள்வேலியைக் கைப்பற்றி ஒழுகரை, வில்லியனூர்ப் பக்கமெல்லாம் நின்றது. இந்த முறை யாரும் அவசரப்படவில்லை. தூரத்தில் பள்ளம் தோண்டி மாட்டிக்கொள்ளவும் இல்லை. வாயைக் கட்டினார்கள். தரையில் வேலி, கடலில் கப்பல்.

நவம்பர் 27 அன்று லாலி, உணவைச் சேமிக்க, மதிலுக்குள் இருந்த தமிழ் ஜனங்களில் 1,400 பேரை வெளியே துரத்தினார். ஆங்கிலேயர் தங்கள் காவல் வரிசையைத் தாண்ட விடவில்லை. திரும்பி வந்தால் மதிலிலிருந்து சுட்டார்கள். மதிலுக்கும் வேலிக்கும் நடுவே, இன்று சாரமும் நெல்லித்தோப்பும் உள்ள வளையத்தில், ஆணும் பெண்ணும் பிள்ளைகளுமாக எட்டு நாள் கிடந்தார்கள். புல்லின் வேரைப் பிடுங்கித் தின்றார்கள். எட்டாம் நாள்தான் கூட் வழி விட்டார். இந்த முற்றுகையின் தளபதிகளுக்கு லண்டனிலும் பாரிசிலும் எழுதிய புத்தகங்கள் ஓர் அலமாரியை நிறைக்கும். இந்த 1,400 பேருக்கு அவற்றில் சில வரிகள்.

1761 புத்தாண்டு அன்று வீசிய புயலில் ஆங்கிலக் கப்பல்கள் ஆறு போயின. மூன்று கரையேறி உடைந்தன, மூன்று ஆட்களோடு மூழ்கின. இறந்த ஐரோப்பியர் மட்டும் 1,100. முற்றுகை அவிழ்ந்துவிட்டது என்று லாலி நம்பினார். சில நாட்களில் வேறு கப்பல்கள் வந்து கடலை அடைத்தன. ஜனவரி 16 அன்று புதுச்சேரி கூட்டின் கைக்குப் போனது. அதே ஜனவரியில்தான் ஆனந்தரங்கப் பிள்ளை காலமானார்; ஏடும் அதே மாதத்தோடு நிற்கிறது. கடைசிப் பக்கங்கள் அவர் கையால் எழுதியவை அல்ல.

கோட்டையை ஆங்கிலேயர் மிச்சமில்லாமல் இடித்தார்கள். லூயி கோட்டை நின்ற இடம் இன்று பாரதி பூங்காவைச் சுற்றியுள்ள பகுதி. லாலியைப் பிரான்சு துரோகி என்று விசாரித்து 1766 மே 9 அன்று தலையை வெட்டியது. ஏடுகள் குடும்பத்தில் தங்கின. தம்பி மகன் திருவேங்கடம் பிள்ளையும் பிறகு சில காலம் நாட்குறிப்பு எழுதினார். அந்த வீட்டில் அது ஒரு பழக்கமாகவே ஆகியிருக்கிறது. 1778இலும் 1793இலும் ஆங்கிலப் படை மறுபடி வந்து ஊரைப் பிடித்தபோதும் காகிதம் தப்பியது. கல்லும் சுண்ணாம்புமாகக் கட்டியது இரண்டு முறை தரைமட்டமானது, காகிதம் பிழைத்தது. பெரிய சந்தைக்கு அருகில் இன்று ரங்கப் பிள்ளை தெருவில் உள்ள அவருடைய வீட்டைப் பார்த்திருப்பீர்கள்: கீழே நம்மூர் மரத்தூண்கள், மேலே பிரெஞ்சுப் பாணியில் செங்கல் தூண்கள்.

1846இல் அர்மான் கலுவா மோன்பிரன் என்ற புதுச்சேரிப் பிரெஞ்சுக்காரர் பிள்ளையின் வாரிசுகளிடம் இந்த ஏடுகளைக் கண்டார். பிரதி எடுத்தார். 1849இல் அவற்றைப் பற்றி ஒரு குறிப்பை அச்சிட்டார். அடுத்து எதுவார் அரியேல். புதுச்சேரியில் அரசு வேலை பார்த்த இவர் தமிழை ஆழமாகப் படித்தவர். குறளின் பகுதிகளைப் பிரெஞ்சில் பெயர்த்தவர். தனக்கென்று ஒரு படி எழுதிக்கொண்டார். 1854இல் அவர் இறந்த பிறகு அவருடைய சேகரிப்பு பாரிசுக்குப் போய்த் தேசிய நூலகத்தில் சேர்ந்தது. இப்படித்தான் சாரத்துப் பள்ளமும் அரியாங்குப்பத்து வெடிப்பும் கப்பல் ஏறி செய்ன் நதிக்கரைக்குப் போயின.

இவ்வளவு பெரிய ஏட்டில் முதலில் தனி நூலாக வெளிவந்தது எது தெரியுமா? 1748 முற்றுகை. 1870இல் லோத் என்ற நீதித்துறை அதிகாரி அந்தப் பகுதியைப் பிரெஞ்சில் வெளியிட்டார். அதே 1870இல் புதுச்சேரிக் கடற்கரையில் துய்ப்ளேக்ஸுக்குச் சிலை வைத்தார்கள். ஒரே காரணம்தான் இரண்டுக்கும். இழந்த இந்தியாவில் தங்களுக்கு ஒரு வெற்றி இருந்தது என்று பிரெஞ்சுக்காரர் நினைவுபடுத்திக்கொள்ள விரும்பினார்கள், அந்த வெற்றிக்குக் கண்ணால் கண்ட சாட்சி ஒரு தமிழரின் கணக்கேட்டில் இருந்தது. 1894இல் பாரிசில் ஜூலியன் வேன்சோன் துய்ப்ளேக்ஸையும் லபூர்தொனேயையும் பற்றிய பகுதிகளை வெளியிட்டார். காரைக்காலில் வளர்ந்தவர், பாரிசில் தமிழ் கற்பித்தவர்.

ஆங்கிலேயருக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. 1892இல் புதுச்சேரியில் இருந்த பிரிட்டிஷ் தூதரகப் பிரதிநிதி மக்லியாட் சென்னை அரசுக்குச் சொன்னார். ஆள் வைத்துப் படி எடுத்தார்கள். அதற்குள் மூல ஏடுகளில் சில காணாமல் போயிருந்தன. அந்த இடைவெளிகள் இன்றும் அப்படியே இருக்கின்றன. பிரெடரிக் பிரைஸ், ரங்காச்சாரி உதவியோடு, 1904இல் ஆங்கிலத்தில் முதல் தொகுதியைக் கொண்டுவந்தார். பின்னர் சென்னை ஆவணக் காப்பகத்தின் பொறுப்பாளர் ஹென்றி டாட்வெல் பொறுப்பேற்று 1928இல் பன்னிரண்டாம் தொகுதியோடு முடித்தார். அச்சிட்டது சென்னை அரசு அச்சகம். பாஸ்கவனின் படையை அனுப்பிய அரசின் வாரிசு, அந்தப் படை தோற்ற கதையைத் தோற்கடித்தவரின் துபாஷி எழுதியபடியே அச்சிட்டது. இதற்கு இருபத்து நான்கு ஆண்டு உழைத்தவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் மொழிபெயர்ப்பில் பிள்ளை ஒரு நிதானமான விக்டோரியா காலத்து ஆங்கிலக் கனவான் போலப் பேசுகிறார். நாட்டுப்புற வசையும் மூச்சிரைப்பும் அதில் அடங்கிப்போயின. அரை நூற்றாண்டுக்கு மேல் நம் வரலாற்றாசிரியர்களே அந்த ஆங்கிலத்திலிருந்துதான் பிள்ளையை மேற்கோள் காட்டினார்கள்.

தமிழில் அச்சாகத் தொடங்கியது 1948இல். முற்றுகைக்குச் சரியாக இருநூறாவது ஆண்டு. புதுச்சேரி அப்போதும் பிரான்சின் கையில்தான். தொகுதிகள் பல ஆண்டு இடைவெளிகளில் வந்தன; முழுதாக ஒரே இடத்தில் வாங்கக் கிடைக்காமல் நூலகம் நூலகமாகத் தேட வேண்டியிருந்தது. பொதுவாசகரிடம் பிள்ளையைக் கொண்டுசேர்த்தவர் புதுச்சேரிக்காரரான பிரபஞ்சன். ‘மானுடம் வெல்லும்’, ‘வானம் வசப்படும்’ இரண்டும் இந்த ஏட்டிலிருந்து கிளைத்த நாவல்கள். இரண்டாவதற்கு 1995இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. 2019இல் மு. ராஜேந்திரனும் அ. வெண்ணிலாவும் பதிப்பித்து அகநி வெளியீடாகப் பன்னிரண்டு தொகுதிகள் ஒருசேர வந்தபோதுதான், வேண்டியவர் கடையில் வாங்கிப் படிக்கலாம் என்ற நிலை வந்தது.

வாங்கிப் படிப்பவர் பிள்ளையை வணங்கத் தேவையில்லை. சாதிக் கட்டு அவர் எழுத்தில் இறுக்கமாக இருக்கிறது. ஏழைகளை ஏமாற்றியும் கடத்தியும் அடிமைகளாகக் கப்பலேற்றிய கொடுமையை 1743இல் அவர் பதிவு செய்திருக்கிறார். ஆனால் அந்தக் கப்பல்கள் வந்துபோகும் வணிகத்தில் அவரும் ஒருவர். மதிலின் உட்புறத்திலிருந்து மட்டுமே அவருக்குப் போர் தெரிந்தது. வேலியருகே தங்கள் வயல் பள்ளமாகத் தோண்டப்படுவதைப் பார்த்த சாரத்து விவசாயியின் நாட்குறிப்பு நமக்கு இல்லை. அதை ஊகித்துக்கொள்ளவும் பிள்ளையின் ஏடுதான் நமக்கு அருகில் உள்ள கதவு. ஓர்மின் கணக்குகளை வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போக வழியே கிடையாது.

அடுத்த பெரிய முற்றுகைக்கும் ஒரு தமிழ்ச் சாட்சி உண்டு. 1778இல் ஆங்கிலத் தளபதி ஹெக்டர் மன்றோவின் படைக்கு எதிராகப் பிரெஞ்சுக் கவர்னர் பெல்கோம் புதுச்சேரியைக் காத்து நின்று அக்டோபரில் சரணடைந்த காலத்தை, காவல் பொறுப்பில் இருந்த இரண்டாம் வீரா நாயக்கர் எழுதிவைத்தார்; 1778 முதல் 1792 வரை ஓடுகிறது அவருடைய நாட்குறிப்பு. மா. கோபாலகிருஷ்ணன் பதிப்பித்து அது தமிழில் அச்சேறியது 1992இல். பிள்ளையின் பன்னிரண்டு தொகுதிகளை முடித்தவர்கள் அடுத்து எடுக்க வேண்டியது அந்த ஒரு புத்தகத்தை.